பந்தடி கண்டதும் பந்தை அடித்ததும்

1

"குன்றாண்டார்கோவில்ல உக்காந்துக்கிட்டுப் பெண்கள் டென்னிசைப் பத்தி எழுதப் போறீங்களா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேலிதான். ஆனாலும் கேலிக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் ஊரில் டென்னிஸ் மட்டையைக் கையில் பிடித்த ஒரு பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. பக்கத்து ஊர்களிலும் பார்த்ததில்லை. ஒரு விளையாட்டு எங்கே இல்லையோ அங்கிருந்து அதைப் பார்க்கையில், உள்ளே இருப்பவர் கண்ணுக்கு இயற்கையாகத் தெரிவதெல்லாம் நமக்கு ஏற்பாடாகத் தெரிகிறது. யார் ஆடலாம், யார் காசு வாங்கலாம், எந்த உடுப்பில் ஆடலாம், ஆடுகிறவள் பெண்தான் என்று யார் சான்று தருவது என்பன அந்த ஏற்பாடுகள்.

தமிழில் விளையாட்டைப் பற்றி எழுதுவது இன்னமும் நாளிதழின் கடைசிப் பக்கத்து வேலையாகவே கிடக்கிறது. சினிமாவை வாசிக்கலாம், சடங்கை வாசிக்கலாம், சமையலைக்கூட வாசிக்கலாம். விளையாட்டை மட்டும் ஸ்கோராகப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. பெண்ணின் உடல், உழைப்பு, கூலி மூன்றும் ஒரே இடத்தில் வெட்டவெளிச்சமாக மோதிக்கொள்கிற களம் ஒன்றைச் சொல் என்று கேட்டால் நான் பெண்களின் தொழில்முறை டென்னிசைத்தான் சொல்வேன். அதன் வரலாறு வழக்கமாக நாயகியர் வரலாறாகச் சொல்லப்படுகிறது. நான் அதைக் கூலியின் வரலாறாகப் படித்துப் பார்க்க விரும்புகிறேன்.

2

முதலில் நம் வீட்டுச் சரக்கு. பந்தாடும் பெண் தமிழுக்குப் புதியவள் அல்ல. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் கந்துகவரி உண்டு. சீவக சிந்தாமணியில் விமலை பந்தாடுகிறாள். பந்து தெருவில் விழ, எடுக்க வந்தவள் சீவகனைக் காண்கிறாள். குற்றாலக் குறவஞ்சியின் வசந்தவல்லியும் பந்தடிக்கிறாள். பெருங்கதையில் இதற்கென ஒரு பகுதியே உண்டு: பந்தடி கண்டது. எம்.ஏ. படித்தபோது இந்தத் தலைப்பை ஒரு சிறுகுறிப்பு வினாவாகத்தான் நான் கடந்து போனேன். இப்போது யோசித்தால் அந்தத் தலைப்பிலேயே எல்லாம் இருக்கிறது. மானனீகை அடிக்கிறாள், எத்தனை கை அடித்தாள் என்ற கணக்குகூட வருகிறது. ஆனால் பகுதியின் பெயர் 'பந்தடித்தது' அல்ல, 'கண்டது'. கண்டவன் உதயணன். ஆட்டத்தின் முடிவு அவளுடைய வெற்றியோ தோல்வியோ அல்ல, அவனுடைய காமம். காப்பியம் முழுக்க இதுதான் நடக்கிறது. பெண் ஆடுவது அவளுக்காக அல்ல. அடுத்த நிகழ்ச்சியான காதலுக்கோ மணத்துக்கோ முன்னுரையாக.

அகத்திணையில் இன்னொரு சொல் இருக்கிறது: இற்செறிப்பு. ஓரை ஆடியவள், வண்டல் இழைத்தவள், கழங்கும் பந்தும் கையுமாகத் திரிந்தவள் ஒருநாள் வீட்டுக்குள் வைக்கப்படுகிறாள். உரையாசிரியர்களுக்கு இது ஒரு துறை. எனக்கு அது எட்டாம் வகுப்பு. பள்ளிக் கபடி அணியில் இருந்தேன், நன்றாகவே பாடிப் போவேன். வயசுக்கு வந்த பிறகு மறுபடி பள்ளிக்குப் போனபோது என் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். யாரும் கோபிக்கவில்லை, தடுக்கவுமில்லை. "இனிமே என்னத்துக்குத்தா" என்று அப்பாயி ஒரு வார்த்தை சொன்னது, அவ்வளவுதான். இலக்கியம் துறையாக வகுத்துக் கொடுத்ததை வீடு பழக்கமாகச் செய்துமுடிக்கிறது.

ஆக, நம் மரபில் ஆடும் பெண்ணுக்கு இரண்டே வாசல். ஒன்று பார்க்கப்படுவது, மற்றது உள்ளே போவது. ஆட்டத்தைத் தன் பிழைப்பாகக் கொண்டு, தன் பெயரில் கூலி வாங்கி, முப்பது வயதிலும் ஆடிக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு அங்கே பெயரே இல்லை. இல்லை, ஒரு பெயர் இருந்தது. அதைச் சொன்னால் வசை. மேடையேறிக் காசு வாங்கியவளை இந்த ஊர் எப்படி அழைத்தது என்பதை நாடகக் கொட்டகைக்காரர்களிடமும் கூத்தாடிகளிடமும் கேட்டால் தெரியும். தொழில் என்ற சொல்லே ஆணுக்கு ஒன்றாகவும் பெண்ணுக்கு வேறாகவும் பொருள்படுகிற மொழி இது. 'தொழில்முறை வீராங்கனை' என்று நாளிதழ் எழுதும்போது அந்தச் சொல் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை.

3

இங்கிலாந்தில் நிலைமை ரொம்ப மேல் என்று நினைக்க வேண்டாம். விம்பிள்டனில் பெண்களுக்கு 1884-இல் இடம் கொடுத்தார்கள். மாட் வாட்சன் முதல் பட்டம் வென்றார். ஆனால் ஆணானாலும் பெண்ணானாலும் காசு வாங்கக் கூடாது. அமெச்சூர் என்பது ஒரு நல்லொழுக்கமாகப் போதிக்கப்பட்டது. இந்த ஒழுக்கத்தின் வர்க்கக் குணத்தைக் கட்டுடைக்கப் பெரிய கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை. காசுக்காக ஆடாமல் இருக்க வேண்டுமென்றால் முதலில் வீட்டில் காசு இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

1926-இல் பிரான்சின் சுசான் லெங்லென் இந்த ஒழுக்கத்தை உதறினார். அமெரிக்க நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் காட்சி ஆட்டம் ஆடினார். கூட்டம் வந்தது. நுழைவுக் கட்டணம் வாங்கிச் சங்கங்கள் கொழிக்க, ஆடுகிறவர் மட்டும் வெறுங்கையோடு போவது என்ன நியாயம் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். பதிலாகக் கிடைத்தது விலக்கம். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் 1919-இல் இறுக்கு உள்ளாடை இல்லாமல், கெண்டைக்கால் தெரிகிற உடையில் ஆடினார் என்று கூச்சலிட்டவர்கள் அதைச் சீக்கிரமே சகித்துக்கொண்டார்கள். காசு கேட்டதைச் சகிக்கவில்லை. உடம்பைக் காட்டுவதை இந்தச் சமூகம் மன்னிக்கும். அதற்கு அவளே விலை சொன்னால் மன்னிக்காது.

கறுப்பினப் பெண்ணுக்கு இது இன்னும் கொடுமையாக இருந்தது. ஆல்தியா கிப்சன் 1957-லும் 1958-லும் விம்பிள்டன் வென்றவர். பட்டம் சோறு போடவில்லை. தொழில்முறைக்குப் போனபோது அவருக்குக் கிடைத்த களம், ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்துக் குழுவின் நிகழ்ச்சிகளில் இடைச்செருகலாக ஆடுவது. உலகின் முதல் ஆட்டக்காரி இன்னொரு ஆட்டத்தின் இடைவேளையை நிரப்பினார்.

1968-இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் வாசல் திறந்தது. 'ஓப்பன்' யுகம் என்கிறார்கள். அந்த ஆண்டு விம்பிள்டனில் ஆண் வெற்றியாளர் ராட் லேவருக்கு 2,000 பவுண்டு, பெண் வெற்றியாளர் பில்லி ஜீன் கிங்குக்கு 750. வாசல் திறந்ததும் உள்ளே இரண்டு பந்தி. 1970-இல் லாஸ் ஏஞ்சலஸ் போட்டி ஒன்றில் ஆண் வெற்றியாளருக்கு 12,500 டாலர், பெண்ணுக்கு 1,500 என்று அறிவித்தார்கள். அப்போது ஒன்பது பெண்கள், ஏழு அமெரிக்கரும் இரண்டு ஆஸ்திரேலியரும், 'உலக டென்னிஸ்' பத்திரிகையை நடத்திய கிளாடிஸ் ஹெல்ட்மனோடு ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஹூஸ்டனில் தனியாகப் போட்டி நடத்தினார்கள். அமெரிக்கச் சங்கம் அவர்களை இடைநீக்கம் செய்தது. பணம் கொடுத்தது ஒரு சிகரெட் கம்பெனி. பெண்களுக்கென்று மெலிதாகச் சுருட்டிய சிகரெட்டைப் பெண் விடுதலையின் பெயரால் விற்க வந்த கம்பெனி.

இதை எப்படி வாசிப்பது? "விடுதலையே விளம்பரம்தான், முதலாளியம் எல்லாத்தையும் விழுங்கிடும்" என்று முடித்துவிடுவது சுலபம். நம் பத்திரிகைகளில் அப்படித்தான் முடிப்போம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிகரெட்டின் நஞ்சு உண்மை. ஆனால் புனிதமான அமெச்சூர் ஒழுக்கம் எண்பது ஆண்டுகளாகக் கொடுக்காத ஒன்றை அந்த ஒரு டாலர் தாள் கொடுத்தது: கூலி பேசும் உரிமை. கறைபடாத கையிலிருந்துதான் காசு வாங்குவேன் என்று சொல்லும் வசதி, காசு ஏற்கெனவே உள்ளவருக்கு மட்டுமே உண்டு.

4

1973 என்றதும் எல்லோரும் செப்டம்பர் 20-ஐச் சொல்வார்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் 55 வயது பாபி ரிக்சை 29 வயது பில்லி ஜீன் கிங் 6-4, 6-3, 6-3 என்று வென்ற நாள். 'பால்களின் போர்' என்று பெயர் வைத்து, படமும் எடுத்துவிட்டார்கள். என் வாசிப்பில் அந்த ஆட்டம் ஒரு சர்க்கஸ். பெண்ணின் ஆட்டத்துக்கு மதிப்பு உண்டு என்று நிறுவ அவள் ஓர் ஆணை, அதுவும் ஓய்வுபெற்ற ஆணை, தோற்கடித்துக் காட்ட வேண்டியிருந்தது என்பதே அவமானம். உதயணன் இன்னமும் அங்கேதான் நிற்கிறான்; இப்போது தொலைக்காட்சியில், கோடிக் கணக்கில்.

அதே ஆண்டு ஜூனில், லண்டனில் ஒரு ஓட்டல் அறையில் நடந்ததுதான் வரலாறு. விம்பிள்டனுக்கு முந்தின நாட்களில் ஆட்டக்காரிகள் கூடி, பெண்கள் டென்னிஸ் சங்கத்தை அமைத்தார்கள். அது ஒரு தொழிற்சங்கம் என்று சொல்லத் தயங்குகிறவர்கள் தயங்கட்டும். சம்பளம் சரியில்லை என்றால் வேலைக்கு வரமாட்டோம் என்று ஒன்றாகச் சொல்லும் ஏற்பாட்டுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அந்த ஆண்டே அமெரிக்க ஓப்பனில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பரிசு வந்தது. விழுந்த பள்ளத்தை நிரப்பியது ஒரு வியர்வைநாற்ற மருந்துக் கம்பெனி. விம்பிள்டன் அதே இடத்துக்கு வந்துசேர 2007 ஆகிவிட்டது. முப்பத்துநாலு வருஷம்.

அந்த முப்பத்துநாலு வருஷமும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: ஆண்கள் ஐந்து செட் ஆடுகிறார்கள், பெண்கள் மூன்று. இதைக் கேட்டதும் எனக்கு நடவு வயல்தான் நினைவுக்கு வந்தது. "ஆம்பளை வேலை கஷ்டம்ல" என்று வரப்பில் நின்று சொல்கிற குரல். குனிந்த இடுப்பு நிமிராமல் நாள் முழுக்க நாற்று நட்டவளுக்கு ஒரு கூலி, வரப்பு வெட்டிவிட்டு மதியத்தோடு கரையேறியவருக்கு அதைவிடக் கூடுதல் கூலி. அங்கே யாரும் நேரத்தை அளக்கவில்லை. ஆண் செய்வது எதுவோ அதுவே கஷ்டமான வேலை என்று வரையறுக்கப்படுகிறது. சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது, வரப்புக்கு வரவில்லை. 2006-இல் தொடங்கி 2008-க்குள் நாடு முழுக்க விரிந்த நூறு நாள் வேலையில்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் ரொக்கமாகக் கண்டார்கள். விம்பிள்டனும் எங்கள் கண்மாய்க்கரையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே முடிவுக்கு வந்தன என்பதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. ஓரிடத்தில் சங்கம் பேசிப் பெற்றது, மற்றதில் சட்டம் கொடுத்தது. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பேசிப் பெற்றதை எடுப்பது கடினம்.

5

தமிழ்நாட்டுக்கு டென்னிஸ் புதிதல்ல. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன் என்று ஆண்களின் வரிசை தொடர்கிறது. பெண்? கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றில் வென்றார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண் இந்தக் காலகட்டத்தில் அவரே. அந்த ஒரு வெற்றியைத் தமிழ் நினைவில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. அவருக்குப் பின் ஹைதராபாத்தின் சானியா மிர்சா. 2005-இல் சொந்த ஊரில் பட்டம், 2007-இல் ஒற்றையரில் உலகின் 27-ஆம் இடம், 2015-இல் இரட்டையரில் முதலிடம், இரட்டையரிலும் கலப்பு இரட்டையரிலுமாக ஆறு கிராண்ட் ஸ்லாம், 2023-இல் ஓய்வு. இத்தனைக்கும் நடுவே அவர் பாவாடையின் நீளத்தைப் பற்றி மதத்தின் பேராலும், அவர் கட்டிக்கொண்டவரின் நாட்டைப் பற்றித் தேசத்தின் பேராலும் பேசினார்கள். இரண்டு தரப்பும் வேறு எதிலும் ஒத்துப்போகாதவை. அவள் உடம்பு அவளுடையதல்ல என்பதில் மட்டும் ஒத்துப்போயின.

உடுப்பைப் பற்றி இன்னொன்று. விம்பிள்டனின் வெள்ளை விதி பழமையானது. வெள்ளையில் வியர்வை தெரியாது என்பது மேட்டுக்குடி நாகரிகம். வெள்ளையில் தெரிகிற இன்னொன்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மாதவிடாய் நாட்களின் பதற்றத்தை ஆட்டக்காரிகள் வெளிப்படையாகப் பேசிய பிறகு, 2023-இல்தான் அடர்நிறக் கால்சட்டையை உள்ளே அணிய விட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரிகள் அந்தப் பயத்தோடு பந்தை அடித்திருக்கிறார்கள். நம் பள்ளிகளில் அந்தப் பயம் தாங்காமல் மைதானத்துக்கே வராமல் போன பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் இடையில் இருந்தது வெறும் கடல்தான்.

6

கடைசியாக, இந்தக் கட்டுரை எதற்காக எழுதப்பட்டதோ அது.

1976-இல் ரெனே ரிச்சர்ட்ஸ் பெண்கள் டென்னிசில் ஆட வந்தார். ஆணாக வளர்ந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் பெண்ணாக வாழ்ந்தவர், கண் மருத்துவர். போட்டி ஒன்றில் அவர் சேர்க்கப்பட்டதும் 25 பெண்கள் விலகிக்கொண்டார்கள். அமெரிக்கச் சங்கம் குரோமோசோம் சோதனை கேட்டது. சம கூலிக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒன்றுகூடிய பெண்கள் சங்கமும் சோதனையின் பக்கமே நின்றது. இதை மறைத்துவிட்டுப் பெண்கள் டென்னிஸ் வரலாற்றை எழுத முடியாது. 'நாம்' என்று திரளும் ஒவ்வொரு அணியும் வாசலில் ஒரு காவலாளை நிறுத்துகிறது. ஆனால் ரிச்சர்ட்ஸ் நீதிமன்றம் போனார். பில்லி ஜீன் கிங் அவருக்கு ஆதரவாகப் பிரமாணம் கொடுத்தார். 1977-இல் நியூயார்க் நீதிமன்றம் அவர் ஆடலாம் என்றது; ஆடினார்.

2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார் சாந்தி சௌந்திரராஜன். எங்கள் மாவட்டத்துக் கத்தக்குறிச்சி. செங்கல் சூளையில் வேலை பார்த்த தலித் பெற்றோரின் மகள். பந்தயம் முடிந்ததும் பாலினச் சோதனை. பிறக்கும்போது பெண், வளர்ந்தபோது பெண், ஓடியபோது பெண். காகிதம் மட்டும் வேறு சொன்னது என்றார்கள். பதக்கம் பிடுங்கப்பட்டது. அவருக்கு விளங்குகிற மொழியில் யாரும் அவருக்கு விளக்கவில்லை; தொலைக்காட்சி எல்லோருக்கும் விளக்கியது. அன்றைய முதல்வர் மு. கருணாநிதி 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். அதில் அவர் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் தொடங்கினார். 2012-இல் அவரே செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த செய்தி வந்தது. பிறகு பயிற்றுநர் படிப்பு முடித்து, மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநரானார். பதக்கம் போனது போனதுதான். 2014-இல் இதே சிக்கலில் மாட்டிய ஒடிசாவின் துத்தி சந்துக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், வழக்கு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனது, 2015-இல் விதியே நிறுத்திவைக்கப்பட்டது. இப்போது உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் முதல் பெண்கள் பிரிவில் ஓடுகிற எல்லோருக்கும் மரபணுச் சோதனை என்று மறுபடி தொடங்கியிருக்கிறது.

ரிச்சர்ட்சின் உடலும் சாந்தியின் உடலும் ஒன்றல்ல. இருவர் கதையும் வேறு. நான் ஒப்பிடுவது உடலை அல்ல, வாசலில் நிறுத்தப்பட்டபோது கையில் என்ன இருந்தது என்பதை. ரிச்சர்ட்சுக்கு ஒரு தொழில் இருந்தது, வழக்கறிஞர் இருந்தார், ஆடுவது என் வாழ்வுரிமை என்று வாதிட ஒரு சட்டமொழி இருந்தது. சாந்திக்குத் தேசம் இருந்தது. தேசத்துக்காக ஓடுகிறவள் கூலிக்காரி அல்ல, மகள். மகளுக்கு மாலை போடலாம், ஒப்பந்தம் போடமாட்டார்கள். மகள் என்ற சொல் கௌரவம் போலத் தெரிகிறது. உண்மையில் அது அமெச்சூர் ஒழுக்கத்தின் தமிழாக்கம். வீட்டு மகளை எப்போது வேண்டுமானாலும் உள்ளே அழைத்துக்கொள்ளலாம். அதற்குப் பெயர் இற்செறிப்பு.

7

சென்னை நுங்கம்பாக்கம் மைதானத்தில் 2022-லும் 2025-லும் பெண்கள் டென்னிஸ் சங்கத்தின் போட்டி நடந்தது. முதலாவதில் செக் நாட்டு லிண்டா ஃப்ருவிர்தோவா, அடுத்ததில் இந்தோனேசியாவின் ஜேனிஸ் ஜென் வென்றார்கள். நல்லது. ஊருக்கு ஒரு டென்னிஸ் மைதானம் கட்டுங்கள் என்று மனு எழுதி இதை முடிக்கப் போவதில்லை. மைதானம் கட்டினாலும் அது யாருடைய பிள்ளைகளுக்கு என்பது நமக்குத் தெரியும்.

1990-களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முயற்சியில் லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். என்னை அப்பாயி மடியில் போட்டுவிட்டு அம்மாவும் கற்றது. பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் ஆம்பளை சைக்கிளில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பொட்டலில். தெருவே நின்று பார்த்ததாம். "பாத்தாப் பாத்துட்டுப் போறாங்க, எனக்குத் தண்ணிக் குடம் வீடு வந்து சேந்துச்சுல்ல" என்று அம்மா சொல்லும். பந்தடி 'கண்டது' என்ற தலைப்புக்கு நான் கேட்ட மிகச் சிறந்த மறுப்புரை அது. பார்ப்பவன் இருக்கட்டும். குடம் யாருடையது?

இப்போதும் விடிகாலையில் எங்கள் சாலையில் நாலைந்து பிள்ளைகள் ஓடிப் பழகுகிறார்கள். ஒருநாள் நடந்துகொண்டிருந்த என்னைக் கடந்துபோன ஒருத்தி மூச்சிரைக்க நின்று கேட்டாள்: "அக்கா, நீங்க நெறையப் படிச்சவுங்க. இதுல ஓடுனா வேல கெடைக்குமாக்கா? போலீசு, ரயில்வே ஏதாச்சும்?" கூட இருந்த பையன் சிரித்தான்: "நாட்டுக்காக ஓடுறேன்னு சொல்லுவியா, வேலைக்குங்கிற!" அவள் முகம் சுருங்கிவிட்டது.

அவளிடம் அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நீ கேட்டது தப்பான கேள்வி இல்லைம்மா. 1926-இல் லெங்லென் கேட்டது அதுதான். 1970-இல் ஒன்பது பேர் ஆளுக்கு ஒரு டாலருக்குக் கையெழுத்துப் போட்டுக் கேட்டதும் அதுதான். என்ன, அவர்கள் தனித்தனியாகக் கேட்கவில்லை.